பிரஷர் வொஷர்: எந்த வேலைக்கு எது பொருந்தும், எங்கே கொண்டுபோகவே கூடாது?

மாரி முடிந்து தை பிறக்கும்போது குடாநாட்டில் அனேகமான மதில்கள் கறுத்துப்போயிருக்கும். சீமெந்து முற்றத்தில் பாசி வழுக்கும். வாகனங்களின் அடிப்பக்கத்தில் வலிகாமத்துச் செம்மண் காய்ந்து இறுகியிருக்கும். முன்னர் இதற்கெல்லாம் தும்புத்தடியும் வாளியும் இரண்டு பேரின் முதுகும்தான் வழி. இன்று அந்த இடத்தைப் பிரஷர் வொஷர் பிடித்துவிட்டது. வீட்டுக்கு ஒன்று வாங்குகிறார்கள். வாகனம் கழுவும் தொழிலுக்கென்று வாழ்வாதார உதவிப் பணத்திலும் கடனிலும் வாங்குகிறார்கள். வெளிநாட்டு உறவினர்களும் அனுப்பிவைக்கிறார்கள்.

வாங்கி ஒரு மாரி கழிவதற்குள் சாக்குப் போட்டு மூடி மூலையில் வைக்கப்பட்ட இயந்திரங்களையும் நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வேலைக்குப் பொருந்தாத இயந்திரம், ஒத்துவராத மின்சாரம், போதாத தண்ணீர். மீள்குடியேறி ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பல்ல. கடைக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது அமுக்கம். அதை 'பார்' அல்லது 'பி.எஸ்.ஐ' அலகில் சொல்வார்கள். 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. எனவே 100 பார் என்றால் 1450 பி.எஸ்.ஐ. சிறிய எழுத்தில் இருப்பது நீரோட்டம், அதாவது நிமிடத்துக்கு அல்லது மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் வெளியேறுகிறது என்பது.

ஒட்டியிருக்கும் அழுக்கைப் பெயர்ப்பது அமுக்கம். பெயர்ந்த அழுக்கை அள்ளிக்கொண்டு போவது நீரோட்டம். பாசியும் பழைய பெயின்றும் அமுக்கத்தைக் கேட்கும். சேறும் சாணமும் நீரோட்டத்தைக் கேட்கும். அமுக்கத்தை மட்டும் பார்த்து வாங்கியவர், உழவு இயந்திரத்தில் ஒட்டிய சேற்றை ஊசி முனையால் கீறுவதுபோல் மணிக்கணக்கில் நின்று கழுவ நேரிடும்.

பெட்டியில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. பார் எண்ணை நிமிடத்துக்கான லீற்றரால் பெருக்கி 600 ஆல் பிரித்தால், தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி கிலோவாற்றில் வரும். 100 பார், 6 லீற்றர் என்றால் 1 கிலோவாற். மோட்டர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் தண்ணீருக்குப் போகாது. ஒரு பகுதி வெப்பமாகவும் சத்தமாகவும் வீணாகும். ஆகவே இந்த வேலைக்கு 1.4 கிலோவாற் அளவிலான மோட்டர் வேண்டும். 2000 வாற் மோட்டர் உள்ள இயந்திரத்தில் '200 பார், நிமிடத்துக்கு 10 லீற்றர்' என்று எழுதியிருந்தால் கணக்கு 3.3 கிலோவாற் காட்டும். எடுக்கும் மின்சாரத்தைவிடக் கூடிய வேலையை எந்த இயந்திரமும் செய்யாது. அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

'உச்ச அமுக்கம்', 'வேலை அமுக்கம்' என்று இரண்டு எண் இருந்தால் வேலை அமுக்கத்தையே கணக்கில் எடுங்கள். உச்ச அமுக்கம் கண நேரம் எட்டக்கூடிய எல்லை மட்டுமே.

மோட்டரும் பம்ப்பும்

வீட்டுப் பாவனைக்கான மலிவான இயந்திரங்களில் கரித்துண்டு வைத்த வேக மோட்டர் இருக்கும். பாரம் குறைவு, சத்தம் அதிகம், நீண்ட நேரம் தொடர்ந்து ஓடினால் சூடேறும். இருபது நிமிடம் ஓட்டி, சற்று ஆறவிட்டு, மீண்டும் ஓட்டுபவருக்கு இது போதும். அடுத்தது 'இன்டக்சன்' மோட்டர். தூக்கினால் பாரம் தெரியும், விலையும் கூட. ஆனால் சத்தம் குறைவு, ஆயுள் நீளம். திடீரெனக் கிளம்பும் இரைச்சலால் நெஞ்சு பதறுபவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உள்ள வீட்டுக்குச் சத்தம் குறைந்த மோட்டர் ஆடம்பரமல்ல.

பம்ப்பின் தலைப்பகுதி பிளாஸ்ரிக்கா, அலுமினியமா, பித்தளையா என்று கேளுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு பம்ப்பின் வால்வுகளிலும் நொசிலிலும் படியும். கரையோரக் கிணறுகளில் உவரும் சேரும். பித்தளைத் தலை இவற்றுக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். சேர்விஸ் நிலையங்களில் பட்டி போட்டுச் சுற்றும் மூன்று பிஸ்ரன் பம்ப்பைப் பார்த்திருப்பீர்கள். அதை நாள் முழுதும் ஓட்டலாம், பழுதானால் கழற்றி றப்பர் வளையங்களை மாற்றலாம். பிளாஸ்ரிக் தலை உடைந்தால் பெரும்பாலும் இயந்திரமே முடிந்தது.

கனடாவிலிருந்து வரும் பெட்டி

இது எங்கள் சமூகத்துக்கே உரிய சிக்கல். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் மின்சாரமும் ஏறத்தாழ இதுவே. அங்கிருந்து வரும் இயந்திரத்துக்குப் பிளக்கை மாற்றினால் போதும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ரொறன்ரோவில் வாங்கிய இயந்திரத்தை இங்கே நேரே சொருகினால் சில நொடிகளில் எரிந்துவிடும்.

ட்ரான்ஸ்போமர் போட்டால் என்ன என்று கேட்பார்கள். 1800 வாற் இழுக்கும் இயந்திரத்துக்கு 2000 வாற்றுக்கு மேற்பட்ட ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதற்கு விலையும் பெரிது, பாரமும் பெரிது. வோல்ற் சரியானாலும் ஹேர்ட்ஸ் மாறாது. இன்டக்சன் மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் ஏறும். கனடாவில் இருக்கும் உறவினர் உதவ விரும்பினால் இயந்திரத்தை அனுப்பாமல் காசை அனுப்பச் சொல்லுங்கள். பெற்றோல் இயந்திரம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

மின்சாரமா, பெற்றோலா?

வீட்டுக்கும் சிறிய கடைக்கும் மின்சார இயந்திரமே சிக்கனம். 1.8 கிலோவாற் இயந்திரம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1.8 யூனிற். 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் வட்டப் பிளக்கில் சொருகக் கூடாது. 13 அல்லது 15 அம்பியர் பிளக்கும் வேலை செய்யும் ட்ரிப் சுவிட்சும் நில இணைப்பும் (ஏர்த்) கட்டாயம். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மின்வினைஞரைக் கூப்பிட்ட பிறகுதான் இயந்திரம். அவசரத்தில் இழுத்த தற்காலிக வயரிங் உள்ள மீள்குடியேற்ற வீடுகளில் இதை இரண்டு முறை பாருங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே கையில் இருக்கும் வேலை இது.

நீட்டிப்பு வயர் மெல்லியதாக இருந்தால் வோல்ற் விழுந்து மோட்டர் திணறும். இருபது மீற்றருக்கு மேல் இழுக்க வேண்டுமானால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் எடுங்கள். வயரை நீட்டுவதைவிட ஹோஸ் குழாயை நீட்டுவது நல்லது.

மின்சாரம் எட்டாத தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் பெற்றோல் இயந்திரம் வேண்டும். 6 முதல் 7 குதிரைவலு இயந்திரங்கள் 150 பாரும் அதற்கு மேலும், நிமிடத்துக்கு 8 முதல் 10 லீற்றரும் தரும். ஆனால் 2022 ஐ மறந்துவிட வேண்டாம். அந்த ஆண்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனது, பெற்றோலும் கியூ.ஆர் அட்டைக்கு அளந்து ஊற்றப்பட்டது. தொழிலை ஒரே எரிபொருளில் கட்டிவைப்பவர் அந்த நிலை மீண்டும் வந்தால் என்ன செய்வார் என்று யோசித்து வைக்க வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் எங்களது. அந்தக் கைவண்ணத்தை இதில் காட்ட வேண்டாம். பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் கரி படிந்து சீக்கிரம் பழுதாகும்.

பெற்றோல் இயந்திரத்தை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டிலுக்குள்ளோ ஓட்டக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் மணமும் நிறமும் இல்லாமல் உயிரைக் கொல்லும். கிணறு துப்புரவாக்கும்போது இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்குவது நேரே மரணத்தை இறக்குவதுதான். மின்சார இயந்திரமும் கிணற்றுக்குள் போகக் கூடாது.

பற்றரியில் இயங்கும் கைத்துப்பாக்கி வகையும் இப்போது கிடைக்கிறது. அவற்றின் வேலை அமுக்கம் பெரும்பாலும் 20, 25 பார் அளவில்தான் இருக்கும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், நுளம்பு வலை, மின்விசிறித் தட்டு ஆகியவற்றுக்கு நல்லது. மதிலுக்கு உதவாது.

தண்ணீர் எங்கிருந்து?

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டபோதும் பெரும்பாலான வீடுகளுக்கு இன்னும் கிணறுதான். ஆகவே நீரோட்ட எண்ணைக் கிணற்றோடு சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லீற்றர் இயந்திரம் 1000 லீற்றர் தாங்கியை ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியாலத்தில் காலி செய்யும். 15 லீற்றர் இயந்திரம் ஒரு மணித்தியாலம் சற்றுக் கடக்கும்போதே முடித்துவிடும். சித்திரை, வைகாசியில் கரையோரக் கிணற்றை அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். ஏறிய உவர் அடுத்த மாரி வரை இறங்காமல் இருக்கலாம்.

அதேவேளை சாதாரண ஹோஸ் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட இந்த இயந்திரம் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். ஹோஸில் நிமிடத்துக்கு 15 லீற்றருக்கு மேல் போகக்கூடும். இங்கே 6, 7 லீற்றரில் வேலை முடியும்.

வீட்டு இயந்திரம் கிணற்றிலிருந்து நேரே தண்ணீர் உறிஞ்சாது. உறிஞ்சும் வசதி உள்ளவையும் அரை மீற்றர், ஒரு மீற்றருக்கு மேல் திணறும். தண்ணீரை இறைத்துத் தாங்கியிலோ பரலிலோ நிரப்பி, இயந்திரத்தின் மட்டத்துக்குக் கீழே போகாமல் வைத்துக் கொடுங்கள். மேல்தாங்கியிலிருந்து எடுப்பதானால் 10 மீற்றர் உயரத்துக்குத்தான் 1 பார் கிடைக்கும். வீட்டுத் தாங்கி 4 மீற்றரில் இருந்தால் 0.4 பார். குறைந்தபட்ச உள்வரவு அமுக்கம் இவ்வளவு வேண்டும் என்று இயந்திரத்தின் கைநூலில் எழுதியிருந்தால் அதைப் பார்த்த பிறகு வாங்குங்கள். ஒரு சோதனை: 20 லீற்றர் கானைக் குழாயில் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பினால் 6, 7 லீற்றர் இயந்திரத்துக்குப் போதும்.

உள்வரவு வடிகட்டியை ஒருபோதும் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். ஒரு மணல் துணிக்கை பம்ப்பின் வளையத்தைக் கீறப் போதும். கடல்நீரை உள்ளே விடவே வேண்டாம். பரலை நுளம்பு புகாமல் மூடி வையுங்கள்.

வேலைக்கு ஏற்ற தெரிவு

நொசில்கள் நிறத்தால் பிரிக்கப்பட்டவை: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சவர்க்காரத்துக்கு. பாகை குறையக் குறையத் தண்ணீர் கத்தியாகும். சிவப்பை வீட்டு வேலைக்கு எடுக்கவே தேவையில்லை. எந்த வேலையானாலும் வெள்ளையில், மூன்றடி தூரத்தில், மூலையில் சோதித்துத் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் நெருங்குங்கள்.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார்: 70 முதல் 110 பார், 5 முதல் 7 லீற்றர், வெள்ளை நொசில். குறைந்தது ஓரடி தூரம். ரயரின் பக்கச் சுவரிலும், சில்லுப் பேரிங், செயின், ஹோர்ன், வயர் முடிச்சுகளிலும் நேராக அடிக்காதீர்கள். ரயர் உள்ளே சேதமானால் வெளியே தெரியாது, ஓடும்போதுதான் தெரியும்.

சீமெந்து மதில், முற்றம்: 110 முதல் 140 பார், 6 முதல் 8 லீற்றர், பச்சை நொசில். முற்றம் பெரிதானால் வட்டத் தட்டுக்குள் சுழலும் 'சேர்ஃபஸ் கிளீனர்' இணைப்பு, கோடு விழாமல் கழுவும், சேறும் தெறிக்காது. சுழலும் 'டேர்போ' நொசில் கெட்டியான கொங்கிறீற்றுக்கு மட்டும். போருக்குப் பின் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளில் சீமெந்துக் கல் சுவர்ப் பூச்சு பல இடங்களில் மெல்லியது, மயிர் வெடிப்பும் இருக்கும். 140 பாரில் பூச்சு பெயர்ந்துவிடும். எறிகணைச் சிதறல் பட்டுப் பூசி மறைத்த பழைய சுவரும் அப்படித்தான். இத்தகைய சுவருக்குப் பாசிநீக்கியோ மெலிதாகக் கரைத்த குளோரீனோ தூரிகையால் பூசி, பதினைந்து நிமிடம் விட்டு, குறைந்த அமுக்கத்தில் கழுவுவதே சரி. குளோரீனைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு கலக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். இயந்திரத்துக்குள்ளும் ஊற்றக் கூடாது.

மீன்பிடிப் படகு: பைபர் படகின் அடியில் ஒட்டும் பாசிக்கும் சிப்பிக்கும் 130 முதல் 170 பார், 8 முதல் 10 லீற்றர். மஞ்சள் நொசிலைத் தூரத்திலும் பச்சையைக் கிட்டவும் பிடிக்கலாம். படகை ஏற்றிய உடனே, ஈரம் காயுமுன் கழுவினால் பாதி உழைப்பு. காய்ந்த சிப்பியைத் தண்ணீரால் பெயர்க்க முயன்றால் மேற்பூச்சும் சேர்ந்து வரும். மரச் சுரண்டியால் எடுங்கள். வெளியிணைப்பு இயந்திரத்தின் மூடிக்குள் அடிக்க வேண்டாம். அதற்குச் சாதாரண நன்னீர் ஓட்டமே மருந்து. மயிலிட்டியிலோ பருத்தித்துறையிலோ குருநகரிலோ பத்துப் படகுக்காரர் சேர்ந்து ஒரு பெற்றோல் இயந்திரமும் ஒரு நன்னீர்த் தாங்கியும் வைத்திருப்பது, ஆளுக்கொன்று வாங்குவதைவிட நல்லது.

உழவு இயந்திரம், லாண்ட் மாஸ்ரர், மாட்டுத் தொழுவம்: இங்கே நீரோட்டமே முதன்மை. 100 முதல் 150 பார், 10 லீற்றருக்கு மேல். கிருமிநாசினி தெளிக்கும் பம்ப்பைக் கழுவும் தண்ணீர் கிணற்றடிக்குப் போகாமல் பாருங்கள்.

வெள்ளம் வடிந்த வீடு: 80, 90 பார் போதும். ஆனால் தெறிக்கும் சேறு முகத்தில் படும். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பின், குடாநாட்டில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. அந்தக் கிருமி காயத்தாலும் கண், வாய், மூக்காலும் புகும். சப்பாத்து, கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் தொடங்க வேண்டாம். முதலில் மண்வெட்டியால் சேற்றை அள்ளிவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

எங்கே கொண்டுபோகவே கூடாது

அஸ்பெஸ்ரஸ் சீற்: எங்கள் கூரைகளில் இது எங்கும் இருக்கிறது. நீல அஸ்பெஸ்ரஸ் 1987 இல் இலங்கையில் தடை செய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்ரஸ் தொடர்ந்து பாவனைக்கு வந்தது. எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பாசி பிடித்த பழைய சீற்றில் அமுக்கத் தண்ணீர் அடித்தால் மேற்பரப்பு கரைந்து, கண்ணுக்குத் தெரியாத நார்கள் தண்ணீரோடு முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் வந்து, காய்ந்ததும் காற்றில் பறக்கும். குழந்தைகள் விளையாடும் முற்றம் அது. ஷெல் பட்டு உடைந்த சீற் என்றால் இன்னும் ஆபத்து. அஸ்பெஸ்ரஸ் கூரையை இயந்திரத்தால் கழுவவே வேண்டாம். ஏறி நின்றால் உடைந்து விழும் அபாயமும் சேர்ந்தே இருக்கிறது.

ஓட்டுக் கூரை: கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் ஓட்டுக்கு அடியால் தண்ணீர் புகுந்து மரத்தை உக்க வைக்கும்.

முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்: போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் கற்களைக் கிட்டப் பார்த்தால் பவளத்தின் துளைகள் தெரியும். அதே கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்த நாற்சார் வீடுகளும் கிணற்றுக்கட்டுகளும் மடங்களும் ஊர்களில் எஞ்சியிருக்கின்றன. போர் விட்டுவைத்ததை அரை மணித்தியாலத்தில் தண்ணீர் அரித்துவிடும். மென்மையான தூரிகையும் வாளித் தண்ணீரும் மட்டும். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் இதுவே விதி. கோயில் வீதியின் கொங்கிறீற், கருங்கல் தரை ஆகியவற்றுக்கு இயந்திரம் நல்லது.

நினைவுக் கற்கள்: கார்த்திகை மாதத்தில் துயிலுமில்லங்களைத் துப்புரவு செய்யும் சிரமதானங்களுக்கு இளைஞர்கள் இந்த இயந்திரத்தையும் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள். பாதைக்கும் மேடைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் இடித்துத் தள்ளப்பட்டதில் எஞ்சிய கல்லறைத் துண்டுகளில் வேண்டாம். ஏற்கெனவே வெடித்த சீமெந்து அது. பெயரெழுத்து ஒருமுறை பெயர்ந்தால் அந்தத் தாய்க்கு வேறு கல் இல்லை. வீட்டில் வைத்திருக்கும் பெயர்ப் பலகைகளுக்கும் அப்படியே. ஈரத்துணி, பல்தூரிகை, பொறுமை போதும்.

விடுவிக்கப்பட்ட காணி: வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் கட்டம் கட்டமாகத்தான் திரும்பி வந்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல் விடுபட்டது. முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தது. இத்தகைய இடத்தில் பற்றை வெட்டி, மண் மூடிய அத்திவாரத்தையோ கிணற்றையோ கழுவத் தொடங்குமுன் நில அனுமதி கிடைத்ததை உறுதி செய்யுங்கள். தண்ணீர் மண்ணை அரிக்கும்போது இரும்புப் பொருள் ஏதும் தெரிந்தால் விசையை விட்டு, வந்த தடத்திலேயே பின்வாங்கி, 119 க்கும் கிராம சேவையாளருக்கும் அறிவியுங்கள். 'என்னவென்று பார்ப்போம்' என்று கழுவிப் பார்ப்பது வேண்டாம்.

சூரிய மின்தகடு, குளிரூட்டியின் மெல்லிய தகடு, மின்மானிப் பெட்டி: இவையும் விலக்கு.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் குகையும் அதிகம். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கீழே போகக்கூடும். சுன்னாகம் அனல்மின் நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை நாம் பார்த்தோம். பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் வீட்டு முற்றத்தில் கிறீசும் ஒயிலும் கழுவி மண்ணுக்குள் விடுவது எங்கள் கிணற்றில் நாமே ஊற்றுவதற்குச் சமம்.

கழுவும் இடம் கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளியும், சீமெந்துத் தரை சரிந்தும் இருக்கட்டும். தண்ணீர் முதலில் மண் தங்கும் தொட்டிக்கும், பின்னர் எண்ணெய் மிதந்து நிற்கும் தொட்டிக்கும் போக வேண்டும். இரண்டாவது தொட்டியின் வெளியேறும் குழாயை அடியிலிருந்து எடுத்தால் எண்ணெய் மேலேயே தங்கும்; அதை வாரந்தோறும் அள்ளித் தனியே சேருங்கள். வாகன சேர்விஸ் நிலையம் என்றால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் சட்டப்படி தேவை. பிரதேச சபையில் முதலிலேயே கேளுங்கள். அயலவரின் முறைப்பாட்டில் தொழில் மூடப்படுவதைவிட அது இலகு.

கையில் பிடிக்கும் முன்

100 பார், 6 லீற்றர் இயந்திரம் கையைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. 200 பார், 15 லீற்றர் இயந்திரத்தில் அது 5 கிலோவாகும். செயற்கைக் காலோடு வழுக்கும் தரையில் நிற்பவருக்கும், ஒரு கையால் வேலை செய்பவருக்கும் இந்த எண்ணே முதல் தெரிவு. அவர்களுக்கு 110 பாருக்குள், நீண்ட ஹோஸ், சில்லு வைத்த உடல், விட்டவுடன் நிற்கும் விசை, இரு பிடி உள்ள துப்பாக்கி ஆகியவை வேண்டும். சேர்ஃபஸ் கிளீனர் இணைப்பு உந்தலைத் தரையே தாங்கச் செய்யும். ஏணியில் நின்று யாருமே அடிக்கக் கூடாது.

தண்ணீர்தானே என்று கையை நீட்டாதீர்கள். இந்த அமுக்கம் தோலைத் துளைத்து அழுக்கை உள்ளே செலுத்தும். காயம் குண்டூசித் துளைபோல் சிறிதாகவும் நோவு குறைவாகவும் இருக்கும். உள்ளே தசை சாகத் தொடங்கியிருக்கும். மருந்து கட்டிக் காத்திராமல் அன்றே, அந்த மணித்தியாலத்திலேயே வைத்தியசாலைக்குப் போய், 'அமுக்கத் தண்ணீர் துளைத்தது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

தொழிலாகத் தொடங்குவோருக்கு

வாகனம் கழுவும் தொழிலுக்கு வீட்டு இயந்திரம் வாங்குவது வழக்கமான தவறு. ஒரு நாளில் மூன்று வாகனத்துக்கு மேல் கழுவ எண்ணினால் இன்டக்சன் மோட்டரும் பித்தளைத் தலைப் பம்ப்பும் வேண்டும். விலை கூடுதல்தான். அதனால் இப்படிக் கணக்கிடுங்கள்: ஒரு கழுவலில் மின்சாரம், சவர்க்காரம், உதவியாள் கூலி போக மிஞ்சும் காசு எவ்வளவு? இயந்திர விலையை அதனால் பிரித்தால் எத்தனை கழுவலில் முதல் திரும்பும் என்று தெரியும். உங்கள் ஒழுங்கையில் மாதத்துக்கு அத்தனை வாகனம் வருமா என்று இரண்டு வாரம் எண்ணிப் பாருங்கள். தொட்டி கட்டும் செலவையும் சேருங்கள்.

நுண்கடனை நம்பி இறங்க வேண்டாம். வாரந்தோறும் தவணை கேட்டு வாசலில் ஆள் நின்ற நாட்களை எங்கள் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் மறக்கவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கடற்றொழிலாளர் சங்கமோ ஒரு நல்ல இயந்திரத்தை வாங்கி நாள் வாடகைக்கு விடலாம். வாடகையில் ஒரு பங்கை உதிரிப்பாகத்துக்கு ஒதுக்கினால் அது ஆண்டுக்கணக்கில் ஓடும்.

கடையில் கேட்க வேண்டியவை

எந்த வர்த்தகப் பெயர் என்பதைவிட, அதன் றப்பர் வளையமும் வால்வும் கரித்துண்டும் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, இல்லை கொழும்புக்கு ஆள் விட வேண்டுமா என்று கேளுங்கள். உத்தரவாதம் தொழிற் பாவனைக்கும் உண்டா என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களுக்கு அது இருக்காது. தண்ணீர் இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசையை விட்டதும் மோட்டர் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். பாவித்த இயந்திரமானால் பம்ப் ஒயிலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் பராமரிப்பு பெரிதல்ல. தண்ணீர் வராமல் ஓட்டாதீர்கள். நிற்கும் வசதி இல்லாத இயந்திரத்தை விசை மூடிய நிலையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இரைய விடாதீர்கள். உள்ளே தண்ணீர் கொதித்து வளையம் கருகும். வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, விசையை அழுத்தி அமுக்கத்தை இறக்கி, மிச்சத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கடற்கரையில் பாவித்தால் வெளிப்புறத்தையும் நன்னீரால் துடையுங்கள். நொசிலை மாதம் ஒருமுறை வினாகிரியில் ஊறவைத்து ஊசியால் குத்தி எடுங்கள். அமுக்கம் குறைந்தால் பம்ப்பைக் கழற்றுமுன் நொசிலையும் வடிகட்டியையும் பாருங்கள். எங்கள் தண்ணீரில் பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

முடிவெடுக்க முடியாவிட்டால் வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் கிணற்றுத் தண்ணீரில், உங்கள் பிளக்கில், உங்கள் மதிலில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் வாடகையோடு போகும் பாடம் அது. வாங்கிய பிறகு படித்தால் முழு விலையும் போகும்.